மணல் தீவில் மூன்று நாள்: செட்டிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து நண்பர்கள் ஏழெட்டுப் பேர் முதுகுப்பையோடு ஆஸ்திரேலியா கிளம்பினால், குவீன்ஸ்லாந்தின் கர்ரி தீவு பட்டியலில் வந்துவிடும். 2023 ஜூன் வரை அரசு ஏடுகளில் அதன் பெயர் ஃப்ரேசர் தீவு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான புட்சுல்லா மக்கள் வழங்கிவந்த பெயர் அதன் பிறகுதான் அதிகாரபூர்வமாகத் திரும்பியது. பழைய வரைபடங்களில் இன்னும் ஃப்ரேசர் என்றே இருக்கும், இரண்டு பெயரிலும் தேடுங்கள். 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம், முழுக்க மணல். உலகின் மிகப் பெரிய மணல் தீவு இதுதான். 1992 முதல் உலகப் பாரம்பரியக் களம்.

ஊர்விட்டு ஊர் போகத் தார்ச்சாலை கிடையாது. கிழக்குக் கடற்கரையே நெடுஞ்சாலை, உள்ளே காட்டுக்குள் ஒற்றை வண்டி போகும் மணல் தடங்கள். அதனால் தீவில் எல்லாவற்றையும் முடிவுசெய்வது இரண்டு விஷயங்கள்: கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது, டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது. பார்க்கவேண்டிய இடங்களை எழுதிவைத்துவிட்டு அதற்கு நேரம் ஒதுக்குவது நம் வழக்கம். இங்கே அது நடக்காது. முதலில் ஓத அட்டவணையை (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை) எடுங்கள், அது விடும் நேரத்தில் இடங்களை வையுங்கள்.

ஊரில் இருக்கும்போதே

எட்டுப் பேர், இரண்டு வண்டி, வண்டிக்கு நாலு பேர். முதல் தடவை போகிறவர்களுக்கு இந்தக் கணக்குதான் சரி. ஒரே வண்டியில் எட்டுப் பேரை அடைத்தால் வாடகை மிச்சம், ஆனால் மணலில் புதைந்தால் இழுக்க ஆள் இருக்காது, சாமான் வைக்கவும் இடம் இருக்காது. இரண்டு வண்டிக்குக் கை போதாவிட்டால், வழிகாட்டி முன்வண்டியில் போக, பின்னால் நீங்களே ஓட்டிக்கொண்டு தொடரும் குழுப் பயணங்கள், தீவுக்குப் படகு ஏறும் கரையோர ஊர்களான ஹெர்வி பே, ரெயின்போ பீச் விடுதிகளில் கிடைக்கின்றன. தனியாக வந்தவர்களையும் அவற்றில் சேர்த்துக்கொள்வார்கள்.

வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும். பெரும்பாலான வாடகை நிலையங்கள் 21 வயது நிரம்பியவருக்குத்தான் வண்டி தரும். நம் ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா, உரிமம் மூன்றையும் வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஓராண்டு செல்லும். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது, ஸ்டியரிங் வலப்பக்கம். கியர் வண்டியிலேயே பழகிய கை என்பதும் நமக்கு வசதி.

போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரு வீட்டில் கூடி இரண்டு வேலை செய்துபாருங்கள். வீட்டு முகப்பில் கூடாரத்தை விரித்து, இருட்டில், கைவிளக்கு மட்டும் வைத்து மறுபடி மடியுங்கள். பிறகு ஒரு காரின் நாலு டயரிலும் காற்றை 18 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு இறக்கி மறுபடி ஏற்றுங்கள். வால்வுக்குள் ஊசியை அழுத்தி, நிறுத்தி, அளவி வைத்துப் பார்த்து, மறுபடி அழுத்தி இறக்க ஒரு டயருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். படகுத்துறையில் பின்னால் பத்து வண்டி நிற்கும்போது கற்றுக்கொள்ளும் வேலை அல்ல அது.

வேலையையும் ஊரிலேயே பிரித்துவிடுங்கள். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் கூட்டத்தில் போய்ப் பழகியவர் ஒருவராவது உங்களில் இருந்தால், சமையல், சாமான், தண்ணீர் என்று ஆள் ஆளுக்குப் பொறுப்பு கொடுப்பது எப்படி என்று அவரைக் கேளுங்கள். இங்கே கூடுதலாக ஓத அட்டவணைக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர். கணக்கு எழுதுகிறவர் ஒரு சிட்டை போட்டு அன்றன்று செலவை அன்றன்றே பதியட்டும். வண்டிக்கான முன்பணம் ஒருவருடைய கார்டில் பெரிய தொகையாகப் பிடிக்கப்படும், அது யார் தலையில் என்பதை முன்பே பேசி எழுதிவிடுவது நட்புக்கு நல்லது.

விமானத்தில் என்ன கொண்டுபோகலாம்? பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சி சேர்ந்த ஊறுகாய், பால் இனிப்பு இவற்றை ஊரிலேயே விட்டுவிடுங்கள். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், தேன்குழல் போன்றவற்றைக் கடையில் முத்திரையிட்ட, பெயர் அச்சிட்ட பொட்டலமாக வாங்குங்கள். காகிதப் பொட்டலம் கேள்வியை வளர்க்கும். எதுவானாலும் வருகைப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். எழுதினால், கூடாத பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்தால் அபராதம்.

தீவுக்கு எந்த வழி

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பிரிஸ்பேன். அங்கே கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால். பிரிஸ்பேனிலிருந்து வடக்கே சுமார் 240 கி.மீ.யில் ரெயின்போ பீச், சுமார் 300 கி.மீ.யில் ஹெர்வி பே. இரண்டு ஊருக்கும் பேருந்து உண்டு.

ரெயின்போ பீச் பக்கம் இன்ஸ்கிப் முனையிலிருந்து படகு பத்து நிமிடத்தில் ஹூக் முனைக்குக் கொண்டுவிடும். சுலபமாகத் தோன்றும். ஆனால் படகு ஏறும் இடத்து மணலே கால் வைத்தால் இறங்கும் மணல், காற்றைக் குறைக்காமல் போன வண்டிகள் அங்கேயே உட்கார்ந்துவிடும். இறங்கிய உடன் கடற்கரை ஓட்டம், அதற்கும் ஓதம் பார்க்க வேண்டும். ஹெர்வி பே பக்கம் ரிவர் ஹெட்ஸ் துறையில் கட்டிய சாய்தளம் உண்டு. ஐம்பது நிமிடத்தில் தீவின் மேற்கே கிங்ஃபிஷர் பே, அங்கிருந்து காட்டுத்தடம். காட்டுத்தடத்துக்கு ஓதக் கணக்கு இல்லை. புதியவர்கள் இந்த வழியில் போவதே நல்லது.

சாதாரண வாடகைக் காரைத் தீவுக்குக் கொண்டுபோக ஒப்பந்தம் அனுமதிக்காது. மணலுக்கென்றே நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி தரும் நிலையத்தில்தான் எடுக்க வேண்டும். தரை உயரமும், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியரும் உள்ள லேண்ட் குரூசர் வகை வேண்டும், நகரத்து எஸ்.யூ.வி. உதவாது. கையெழுத்துப் போடும் முன் காப்பீட்டில் எதெல்லாம் சேராது என்று படியுங்கள். உப்புநீர் பட்ட சேதம், அடிப்பாகம், கவிழ்தல் ஆகிய மூன்றும் பெரும்பாலும் உங்கள் செலவு. வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துவையுங்கள், அடிப்பாகத்தையும் சேர்த்து.

வண்டிக்கு நுழைவு அனுமதி, முகாமுக்குத் தனி அனுமதி. இரண்டையும் குவீன்ஸ்லாந்து பூங்காத் துறையின் இணையதளத்தில் முன்பே வாங்க வேண்டும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இடம் கிடைக்காது. ஈஸ்டரும் அங்கத்திய பள்ளி விடுமுறையும் தவிர்க்க வேண்டிய நாட்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அது அவர்களுக்குக் குளிர்காலம், இரவில் பத்து, பன்னிரண்டு டிகிரி வரை இறங்கலாம், போர்வைப்பை அவசியம்.

ஓதக் கணக்கு

நம் தொண்டி, கோட்டைப்பட்டினம் கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் கொஞ்சம்தான், அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதன் வீரியம் தெரியாது. கர்ரியில் ஏற்றத்தின்போது ஓட்டிக்கொண்டிருந்த பாதையே தண்ணீருக்குள் போய்விடும். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் மணல்மேடு, திருப்ப இடமில்லை.

விதி இது: ஏற்றத்துக்கு முன் இரண்டு மணி நேரமும் பின் இரண்டு மணி நேரமும் கடற்கரையில் வண்டி கூடாது. ஓர் எடுத்துக்காட்டு. காலை 9 மணிக்கு ஏற்றம் என்றால் 7 முதல் 11 வரை முகாமில் இருங்கள். மாலை 3.15 வாக்கில் நன்றாக வற்றியிருக்கும். அடுத்த ஏற்றம் இரவு 9.25 அளவில், ஆக 11-லிருந்து இரவு 7.25 வரை வழி திறந்திருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் 5 மணி தாண்டியதும் பொழுது இறங்கிவிடும், இருட்டில் ஓடைப்பள்ளம் தெரியாது. உங்களுக்குக் கிடைப்பது 11 முதல் 5 வரை. மறுநாள் இதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிவரும். கிழக்குக் கரைக்கு வாடி முனை அட்டவணையைப் பாருங்கள். ரிவர் ஹெட்ஸ் நேரம் மேற்குப் பக்கத்துக்கு, இரண்டையும் குழப்பினால் கணக்கே தப்பிவிடும்.

நண்பகலில் ஏற்றம் வரும் நாட்களில் அந்த நேரத்தை ஏரிகளுக்குக் கொடுங்கள், அவை தீவின் உள்ளே இருக்கின்றன. மேலும், காற்றும் அலையும் பலமாக இருந்தால் அட்டவணை சொல்வதைவிடத் தண்ணீர் மேலே வரும். அன்றைக்கு இன்னும் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுங்கள்.

காற்றும் ஓட்டமும்

தார்ச்சாலையில் 35, 40 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரை மணலில் இறங்கும் முன் 20-க்கு இறக்குங்கள். காட்டுத்தடம் மிருதுவாக இருந்தால் 16. காற்று இறங்கியதும் டயரின் வயிறு சரிந்து, தரையைத் தொடும் பகுதி முன்னும் பின்னுமாக நீளும். எடை பரவுவதால் டயர் மணலைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். புதைகிற வண்டிகளில் பெரும்பாலானவை காற்றைக் குறைக்காதவை. வாடகை நிலையம் சொல்லும் அளவு வேறாக இருந்தால் அதையே கொள்ளுங்கள். காற்று குறைந்த டயரில் திடீரென்று திருப்பினால் டயர் வளையத்தைவிட்டுக் கழன்றுவிடும், ஆகவே வேகமும் திருப்பமும் நிதானமாக.

பழைய வகை லேண்ட் குரூசரில் முன்சக்கர நடுவில் கையால் திருப்பும் குமிழ் இருக்கும். இரண்டு பக்கமும் ‘லாக்’ நிலைக்குத் திருப்பாமல் உள்ளே ஃபோர் வீல் கியரைப் போட்டும் பயனில்லை, முன்சக்கரம் இழுக்காது. கடினமான கடற்கரைக்கு ஹை ரேஞ்ச். காட்டுத்தடத்தின் மிருதுவான மேட்டுக்கு லோ ரேஞ்சில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியர், ஏறும் முன்பே போட்டுவிட வேண்டும். பாதி மேட்டில் கியர் மாற்றினால் நின்றுவிடும். மழை பெய்த மறுநாள் தடம் இறுகியிருக்கும், பல நாள் காய்ந்திருந்தால்தான் மாவுபோல இருக்கும். மழையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதை மாற்றி நினைத்துக்கொள்கிறார்கள்.

கிழக்குக் கரையில் உச்சவேகம் மணிக்கு 80, காட்டுக்குள் 30. அந்த 80-ஐத் தொடாதீர்கள். கரை வழவழவென்று தெரியும், ஆனால் தீவுக்குள்ளிருந்து கடலுக்கு ஓடும் சிற்றோடைகள் மணலை அரித்து அரையடி, ஓரடிப் படியாக வெட்டிவைத்திருக்கும். பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அந்த வேகத்தில் படியில் விழுந்தால் வண்டி குதித்துத் திரும்பும். கூரைமேல் சாமான் இருந்தால் கவிழும். மூட்டை, தண்ணீர்க் கேன் எல்லாம் உள்ளே, தரையோடு. பெல்ட் போடாமல் ஒருவரும் உட்காரக் கூடாது.

பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து அணைபோட்டுவிடும். காலை எடுத்துவிட்டால் வண்டி தானே நிற்கும். எதிரே வண்டி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறீர்கள் என்பதை இண்டிகேட்டர் போட்டுக் காட்டுங்கள். சிறு விமானங்களும் இதே கரையில் இறங்கும், அவற்றுக்கு வழி விடுவது சட்டம். போலீஸ் கடற்கரையிலேயே நிறுத்தி ஊதச்சொல்வார்கள். கடல்நீருக்குள் சக்கரத்தை விட்டுப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம். உப்பு அடியில் ஒட்டியிருப்பதைத் திருப்பிக் கொடுக்கும்போது பார்த்துவிட்டால் முன்பணம் போச்சு.

புதைந்துவிட்டால்:

1. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரம் சுற்றச் சுற்ற ஆழம்தான் கூடும். புதைந்த முதல் விநாடியில் நிறுத்துகிறவருக்குப் பத்து நிமிட வேலை, அடம்பிடித்தவருக்கு இரண்டு மணி நேரம்.
2. எல்லோரும் இறங்குங்கள். வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். உங்கள் வண்டியே அமுக்கி இறுக்கிய மணல் அது.
3. நகராவிட்டால் மண்வெட்டி. நாலு சக்கரத்துக்குப் பின்னாலும் சரிவாக வெட்டுங்கள், பிறகு படுத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அச்சு மணலில் உட்கார்ந்திருந்தால் அதைத் தோண்டி விடுவிக்காமல் எதுவும் அசையாது. பலர் விட்டுவிடுவது இதைத்தான்.
4. காற்றை 14, 12 வரை இறக்கலாம். வெளியே வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும்.
5. மீட்புப் பலகைகளைச் சக்கரத்தின் கீழ்ப் பல்லோடு பல் சேர்த்துச் செருகி, மெல்ல ஏறுங்கள்.
6. கடைசியாக இழுவைப் பட்டை. சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) இதற்கென்று உள்ள கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் வேண்டாம். அது பிய்ந்து வந்து ஆளைக் கொன்ற சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் உண்டு. இழுக்கும்போது மற்றவர்கள் பட்டையின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி நிற்கட்டும்.

தண்ணீர், சோறு, அடுப்பு

தலைக்கு நாளுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் எட்டுப் பேருக்கு மூன்று நாளுக்கு 120 லிட்டர். 20 லிட்டர்க் கேன் ஆறு, வண்டிக்கு மூன்று. அரிசி, ரவை, பருப்பு, காய், எண்ணெய் எல்லாம் ஹெர்வி பேயில் வாங்கிக்கொள்ளலாம். நாலு வேளைச் சோற்றுக்கு, தலைக்கு 125 கிராம் வீதம் 4 கிலோ அரிசி. இரண்டு காலை உப்புமாவுக்கு 1.2 கிலோ ரவை. பருப்பு ஒரு கிலோ போதும். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கையில் இருந்தால் முதல் இரவு வெறும் சோறு வடித்தாலே வேலை முடிந்தது. ஏற்றம், படகு, மணல் என்று அலைந்த அன்றைக்கு அதற்குமேல் யாருக்கும் தெம்பு இருக்காது.

விறகு மூட்டித் தாளிக்கும் எண்ணம் வேண்டாம். டண்டுபரா, வாடி முனை முகாம்களில் பூங்காத் துறையே வைத்திருக்கும் பொது வளையங்களைத் தவிரத் தீவில் தீ மூட்டக் கூடாது, அங்கேயும் காட்டு விறகைப் பொறுக்கக் கூடாது. கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள். 220 கிராம் குப்பி வகை என்றால் எட்டு. விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கேதான் வாங்க வேண்டும். காற்று சுழன்று அடிக்கும், அடுப்பை வண்டியின் மறைப்பில் வையுங்கள். கருவாடு, மீன் வறுவல் ஆசையை ஹெர்வி பே வரை ஒத்திப்போடுங்கள். காரணம் அடுத்துச் சொல்வது.

டிங்கோ

பார்ப்பதற்கு நம் தெருவில் படுத்திருக்கும் செவலை நாய் மாதிரியே இருக்கும். அதனால்தான் நம்மவர்களுக்கு ஆபத்து அதிகம். பிஸ்கட்டை நீட்டுவது நமக்குக் கைவந்த பழக்கம். புட்சுல்லா மக்கள் வொங்கரி என்று சொல்லும் இந்த டிங்கோ காட்டு விலங்கு. 2001-ல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை டிங்கோக்கள் கொன்றன. அதற்கு உணவு போடுவது குற்றம், கடுமையான அபராதம். அபராதத்தைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. மனிதரிடம் சோறு உண்டு என்று கற்றுக்கொண்ட டிங்கோ துணிந்து மேலே விழும், கடைசியில் அதைச் சுட வேண்டிவரும்.

கூடாரத்துக்குள் தின்பண்டம் கூடாது, பற்பசைகூட. எல்லாம் பூட்டிய வண்டிக்குள். துணிப்பை, தெர்மாகோல் பெட்டியை அது கிழித்துவிடும், கெட்டியான பெட்டியாக, பட்டை போட்டு இறுக்கியதாக இருக்கட்டும். பாத்திரத்தை இரவு ஊறவைக்காதீர்கள், உடனே கழுவுங்கள். கழிப்பறைக்குப் போனாலும் இருவராகப் போங்கள், கையில் ஒரு தடி. எதிரே வந்துவிட்டால் ஓடக் கூடாது, ஓடினால் துரத்தும். நிமிர்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள். இருவர் என்றால் முதுகோடு முதுகு.

முதல் தடவை வேலி போட்ட முகாமிலேயே தங்குங்கள்: முதல் இரவு சென்ட்ரல் ஸ்டேஷன், இரண்டாம் இரவு டண்டுபரா. இரண்டிலும் கழிப்பறையும் குளியலறையும் உண்டு. கூடாரத்தோடு வரும் சிறிய ஆணி மணலில் நிற்காது. ஓரடி நீள மணல் ஆணி கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு துணிப்பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி முழங்கை ஆழத்தில் புதையுங்கள். காற்றில் அசையாது.

மூன்று நாளின் ஓட்டம்

முதல் நாள் கிங்ஃபிஷர் பேயிலிருந்து நேராக பூரங்கூரா ஏரி, மெக்கன்சி என்றும் சொல்வார்கள். மழைநீர் மட்டுமே தேங்கிய ஏரி, மணல் உப்புப்போல வெள்ளை. நீர் வந்துபோக ஓடை இல்லாததால் நீங்கள் கழுவிவிடும் சோப்பும் வெயில் களிம்பும் அதிலேயே தங்கிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் இடம் அல்ல. கரையில் சாப்பிடவும் கூடாது, வேலிபோட்ட இடத்தில்தான். அங்கிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன்.

இரண்டாம் நாள் கிழக்குக் கரையில் உள்ள யூராங்கில் டீசல் நிரப்பிக்கொண்டு கடற்கரை. மணலில் வண்டி கூடுதலாகக் குடிக்கும், அரை டேங்குக்குக் கீழே விடாதீர்கள். ஈலை ஓடையில் மணிக்கு 40 லட்சம் லிட்டர் வரை நன்னீர் கடலுக்குப் போகிறது. பலகைப் பாதையில் மேலே நடந்துபோய் நீரோட்டத்தில் மிதந்து இறங்கலாம். வண்டியில் ஓடையைக் கடக்கும் முன் ஒருவர் நடந்து ஆழம் பாருங்கள். கொஞ்சம் வடக்கே மஹேனோ கப்பல். 1905-ல் கட்டியது, முதல் உலகப்போரில் மருத்துவமனைக் கப்பல், 1935-ல் உடைப்பதற்காக ஜப்பானுக்கு இழுத்துப்போகும்போது புயலில் அறுந்து இங்கே ஒதுங்கியது. துரு தின்ற இரும்பு, தொடாமல் தள்ளி நில்லுங்கள். பிறகு டண்டுபரா. ஓதம் இடம் கொடுத்தால் இந்தியன் ஹெட் குன்றுவரை போய்வரலாம். கடலில் மட்டும் இறங்காதீர்கள். சுறா உண்டு, இழுப்பும் உண்டு, காப்பாற்ற ஆள் இல்லை. குளிக்க ஆசை என்றால் இந்தியன் ஹெட்டுக்கு அப்பால் ஷாம்பெயின் பூல்ஸ் பாறைக்குளங்கள்.

மூன்றாம் நாள் திரும்பும் படகு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். காட்டுத்தடத்தில் பத்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகும், வழியில் ஒருமுறை புதைய ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கைபேசி பல இடங்களில் எடுக்காது. அவசரத்துக்கு 000.

ரிவர் ஹெட்ஸில் இறங்கியதும் முதல் வேலை காற்று ஏற்றுவது. இறக்கிய காற்றோடேயே தார்ச்சாலையில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். அடுத்தது வண்டிக்கு அடியில் நன்னீர்க் குளியல்: சக்கர வளைவு, அச்சு, சேசிஸ் உள்பக்கம் என்று பத்து நிமிடமாவது பீய்ச்சுங்கள், வடியும் நீரில் மணல் நிற்கும்வரை. குமிழை ‘ஃப்ரீ’ நிலைக்குத் திருப்புங்கள். கிளம்பும்போது எடுத்த வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிலையத்து ஆளோடு வண்டியைச் சுற்றிவந்து, முன்பணம் விடுவித்த ரசீதைக் கையில் வாங்கி, அன்றிரவே சிட்டையை முடித்துத் தலைக்கு எவ்வளவு என்று பிரித்துவிடுங்கள்.